பெர்னார்தாவின் நாக்கு

எங்கள் ஊர் எஸ்தெலியில் சுருட்டுக் கம்பெனிக்கா பஞ்சம்? தெருவில் போகிறவர்களை நிறுத்திக் கேட்டால் பாதிப் பேர் புகையிலையை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறவர்கள். ஆனால் புகைத்துப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர்கள் கம்பெனிக்கு இரண்டு பேர்தான் இருப்பார்கள். பெர்னார்தா ருகாமா அப்படி ஒருத்தி. எங்கள் ஊரில் அது சாமானியமான பதவி இல்லை. அவள் சந்தைக்குப் போனால் காப்பிக்கொட்டை விற்கிறவன்கூட ஒரு கொட்டையை நீட்டி, “கடிச்சுப் பாத்துச் சொல்லுங்கக்கா” என்பான். அவள் கடித்து, முகத்தைச் சுளித்து, “வறுத்தவன் தூங்கிட்டான்டா” என்பாள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

பத்தொன்பது வயதில் அவளைக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனவன் அண்ணன் சிரிலோ. முதலில் சுருட்டு உருட்டும் பலகையில் உட்கார்ந்து மேலிலை சுற்றினாள். நாற்பதைத் தாண்டியதும் விரல் மூட்டெல்லாம் வீங்கிக்கொண்டது. இனி இவள் வேலைக்கு ஆக மாட்டாள் என்று எல்லோரும் கைகழுவிய நேரத்தில், பெட்டியில் கிடந்த கழிவுச் சுருட்டு ஒன்றை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, “இதுல மலை இலையைக் குறைச்சுட்டு ஆத்தோர இலையை அள்ளிப் போட்டிருக்கீங்க” என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு ருசி பார்க்கும் அறையில் ஜன்னலோர நாற்காலி. விரல் போனாலும் நாக்கு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தாள்.

அந்தக் கம்பெனியின் சுருட்டுக்குப் பெயர் சின்ன ஞாயிறு. மரப்பெட்டி கிடையாது, கட்டுக்கட்டாகத்தான் போகும். மியாமியில் லாரி ஓட்டுகிறவன்கூட யோசிக்காமல் வாங்கலாம். விலை மலிவு என்றதும் உள்ளே தூளை அடைத்திருப்பார்கள் என்று நினைக்கிற அறிவாளிகள் உண்டு. அவர்கள் தலையில் இடி விழ! எல்லாம் முழு இலை, எல்லாம் கைவேலை. பற்ற வைத்ததும் நாக்கின் நுனியில் மிளகு. பாதியில் வறுத்த காப்பிக்கொட்டையும் கசப்புக் கொக்கோவும். கடைசி இரண்டு விரற்கடையில் முதல் மழை விழுந்த மண். பெர்னார்தா கண்ணை மூடிக்கொண்டு புகையை வாய்க்குள் உருட்டி, கொஞ்சத்தை மூக்கு வழியாக விட்டு, இதை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது கேட்கிறவனுக்கு எச்சில் ஊறும்.

அவளுக்கு எதிரே உட்காருகிறவர் அன்செல்மோ லனூசா, ஊர் மரியாதையாகத் தோன் அன்செல்மோ. நரைத்த மீசை, அதிகம் பேசாத மனிதர், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். காலையில் காப்பி குடிக்கும் முன்பே இருவர் முன்னும் பெயர் அச்சடித்த வளையம் போடாத சுருட்டுகளை வைத்துவிடுவார்கள். எது எந்தப் பலகையில் உருண்டது என்று சொல்ல மாட்டார்கள். மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை இரண்டு பேரும் வாய் திறக்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். வாயைக் கட்டியவர்கள் முகத்தைக் கட்ட மறந்துவிட்டார்கள். மேசை அகலம் ஒரு முழம்தான்.

அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் ஊரெல்லாம் சுற்றியபோது பெர்னார்தாவையும் படுக்கையில் தள்ளியது. எழுந்தாள். உடம்பு தேறியது, நாக்கும் மூக்கும் திரும்பவில்லை. சோளரொட்டியும் அட்டையும் ஒன்றாக இருந்தன. பச்சை மிளகாயைக் கடித்தாள், உறைக்கவில்லை. சமையலில் உப்பு ஏறியது; அண்ணி நூபியா ஒரு வாய் வைத்துவிட்டு, “யாரு மேல புள்ள கோவம்?” என்று கேலி செய்தாள். பெர்னார்தாவும் சிரித்து வைத்தாள். வெளியே சொன்னால் நாற்காலி போய்விடும். விரலும் இல்லாமல் நாக்கும் இல்லாமல் அவளை யார் வைத்துக்கொள்வார்கள்?

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் சுருட்டு வாயில் வெந்நீர் ஆவி மாதிரி வந்து போனது. நிமிர்ந்தாள். எதிரே அன்செல்மோ. அவரும் அப்போதுதான் இடுப்புப் பிடிப்பு என்று படுத்துக் கிடந்துவிட்டு வந்திருந்தார். சுருட்டு சரியாக இருந்தால் அவர் இடது புருவம் லேசாக ஏறும், சரியில்லை என்றால் கை மீசைக்குப் போகும். இத்தனை வருஷமாகப் பார்த்த பழக்கம்தான். அன்று அதைப் பார்த்து மதிப்பெண் போட்டாள். மறுநாளும் அப்படியே. இழுப்பு இறுக்கமா, சாம்பல் நிற்கிறதா என்பதெல்லாம் விரலுக்கும் கண்ணுக்கும் தெரிந்துவிடும். மிளகு, காப்பி, மழைமண் என்ற வார்த்தைகளுக்கு நாக்கு தேவைப்படவில்லை, நாள்பட்ட பழக்கத்தில் தானாக வந்தன.

இரண்டு பேர் மதிப்பெண்ணும் ஒட்டிப் பிறந்தது போல இருப்பதைப் பார்த்து மேனேஜர் வால்திவியாவுக்கு ஒரே பூரிப்பு. “உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஆண்டவன் ஒரே நாக்கத்தான் படைச்சிருக்கான்” என்பார். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

சிரிலோவின் வேலை புகையிலைப் போர்களைப் பார்த்துக்கொள்வது. ஆள் உயரத்துக்கு அடுக்கிய இலை உள்ளுக்குள்ளேயே புழுங்கிச் சூடேறும். பிரித்து அடுக்கி, மறுபடி பிரித்து அடுக்கி, காரல் நெடி முழுக்க இறங்கிய பிறகுதான் போரைத் திறந்து பலகைக்கு அனுப்ப வேண்டும். அவசரப்பட்டால் சுருட்டு நாக்கை அறுக்கும், மூத்திர நாற்றம் நாறும். மழைக்காலம் முடிகிற சமயத்தில் வெளிநாட்டிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. கடைசிப் போரிலிருந்து ஒரு கைப்பிடி இலையை உருவி, சோதனைச் சுருட்டு இரண்டு சுற்றிக்கொண்டு சிரிலோவே ருசி அறைக்கு வந்தான்.

“போர் நெடியிலேயே கெடந்து என் மூக்கு எப்பவோ மரத்துப்போச்சு, அதான் உள்ள கைய விட்டுப் பாத்தேன். இன்னும் சூடு அடங்கல, இன்னொரு தரம் பிரிச்சு அடுக்கணும்னு எனக்குத் தோணுது. மேனேஜர் குதிக்கிறாரு. நீ சொல்லு புள்ள, உன் நாக்குதான் எனக்குக் கோர்ட்டு.”

பெர்னார்தா பற்ற வைத்தாள். அன்செல்மோவும் பற்ற வைத்தார். வாய்க்குள் ஒன்றுமே இல்லை. அண்ணன் பக்கத்தில் நிற்கிறான் என்பதால் முகத்தில் ஒரு தெளிவை வரவழைத்துக்கொண்டு எதிரே பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் ஏறியது.

“பக்குவம்தான்ணே. தொறந்துடு.”

“அப்ப சரி. கை கிழடு தட்டிப்போச்சு போல” என்று சிரித்துக்கொண்டே போனான் சிரிலோ.

சரக்கு போன வேகத்தில் திரும்பி வந்தது. வாயில் வைக்க முடியவில்லை, தொண்டை கமறுகிறது என்று அங்கிருந்து ஏச்சும் பேச்சும். மேனேஜர் ருசிச் சீட்டை எடுத்துப் பார்த்தார். இரண்டு பேரும் பக்குவம் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் ஒரே மாதிரி தப்புச் செய்வார்களா? அப்படியானால் சோதனைக்கு ஒரு போரிலிருந்து இலையை எடுத்துவிட்டு, திறக்கும்போது பக்கத்துப் போரைத் திறந்திருக்கிறான் சிரிலோ என்று முடிவு கட்டிவிட்டார்.

சிரிலோ, மாதா மேல் சத்தியம், அதே போர்தான் என்றான். மேனேஜர் பெர்னார்தாவைப் பார்த்தார்.

அவள் என்ன நினைத்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணனைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று அவள் நினைக்கவில்லை. தன் நாக்கு செத்தது தனக்குத் தெரியும், ஆனால் அன்செல்மோ ருசித்தாரே! அவர் நல்லது என்றால் நல்லதுதானே! அப்போது அண்ணன்தான் அவசரத்தில் எதையோ மாற்றித் திறந்திருக்க வேண்டும். இப்படி மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாற்காலியும் தப்பியது.

“நாங்க ருசிச்சது பக்குவமாத்தான் இருந்துச்சு” என்றாள்.

சிரிலோ அவள் மேல் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அந்த மனிதன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “என் தங்கச்சி நாக்கு தப்பாச் சொல்லாதுங்க. அப்ப நான்தான் ஏதோ போரை மாத்தியிருக்கேன். எப்படின்னுதான் புரியல” என்றான்.

பழுக்காத போரைத் திறந்தவன் என்று பெயர் எடுத்தவனை எஸ்தெலியில் எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. ஐம்பது வயதைத் தாண்டியவன் கரும்பு வெட்டக் கீழ்ச்சீமைக்குப் போனான். அங்கே அடிக்கிற வெயிலில் இளவட்டப் பையன்களுக்கே சிறுநீரகம் கெட்டுப்போகிறது. அடுத்த அறுவடைக்குள் முகமும் காலும் வீங்கித் திரும்பி வந்தான். படுக்கையில் கிடந்தபடி விரலால் விரிப்பில் கோடு போட்டு, “கதவுகிட்ட இருந்தது ஒண்ணு, சுவரோரம் இருந்தது ஒண்ணு. இல எடுத்ததும் சுவரோரத்துல, தொறந்ததும் சுவரோரத்தத்தானே? ஏன் புள்ள, எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?” என்று பெர்னார்தாவைக் கேட்பான். அவள் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, “அதெல்லாம் நெனைக்காதண்ணே, தூங்கு” என்பாள். சாகிற அன்றும் அதைத்தான் கேட்டான்.

ஒன்பதாம் நாள் செபம் மத்தியானமே முடிந்தது. முற்றத்தில் நாற்காலிகள், காப்பி, இனிப்பு ரொட்டி. அன்செல்மோ எல்லோரும் கலைகிறவரை காத்திருந்து பெர்னார்தாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு தகரக் குழாயை எடுத்தார். அதற்குள் மெழுகுத்தாளில் சுற்றிய சின்ன ஞாயிறு ஒன்று இருந்தது.

“இது திரும்பி வந்த சரக்குல ஒண்ணு. அன்னிக்கே எடுத்து வெச்சேன். இத ஒரு தரம் ருசி பாத்து எனக்குச் சொல்லணும் நீ.”

“எனக்கு எதுக்கு? நீங்களே பாருங்க, தோன் அன்செல்மோ.”

அவர் மீசைக்குப் போன கையை இறக்கிக்கொண்டார். “எனக்கு நாக்கு இல்ல பெர்னா. இடுப்புப் பிடிப்புன்னு சொன்னது பொய். அதே காய்ச்சல்தான். அன்னிலேருந்து உன் மொகத்தப் பாத்துத்தான் மார்க்கு போட்டேன். நீ தெளிஞ்சா நானும் தெளிஞ்சேன். அன்னிக்கும் அப்படித்தான். நீ சரியாத்தான ருசிச்சே? அன்னிக்கு நாம இழுத்தது இது இல்ல, வேற இலைதான? சொல்லிடு தாயி, படுத்தாத் தூக்கம் வர மாட்டேங்குது.”

ஒரே அறையில் ஒரே மூச்சைக் குடித்தவர்கள், ஒரே சமயத்தில் நோயில் படுத்தவர்கள். அவளுக்குப் போனது அவருக்கும் போயிருக்குமே என்று ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தாளா? நினைக்கவில்லை, நினைக்கப் பிடிக்கவில்லை. பெர்னார்தா சுருட்டை வாங்கிப் பற்ற வைத்தாள். அண்ணன் உண்மையிலேயே போரை மாற்றியிருக்க வேண்டும், இந்தச் சுருட்டு ஏதாவது ஒரு ருசியாவது காட்ட வேண்டும் என்று மாதாவைக் கும்பிட்டுக்கொண்டே இழுத்தாள். மறுபடி இழுத்தாள். வெந்நீர் ஆவிதான் வந்தது.

“எப்படி இருக்கு?” என்றார் அன்செல்மோ.

அதற்குள் சமையலறை வாசலிலிருந்து நூபியா இடுப்பில் செருகிய துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். “என்ன கர்மம் இது? முற்றமெல்லாம் மூத்திர நாத்தம் அடிக்குதே! கண்ணு எரியுது. எந்தப் பாவி பழுக்காத இலையச் சுத்தினான்?”

பெர்னார்தா சுருட்டைக் கீழே போட்டாள். எங்களுக்கு எதுவுமே தெரியாது என்று வாய் பொத்திக்கொள்ள அந்த நிமிஷமும் வழி இருந்தது. ஆனால் அவளால் முடியவில்லை.

“அண்ணன் சரியான போரைத்தான் அண்ணி தொறந்தாரு. அவரு கை சொன்னதுதான் சரி. எனக்கு நாக்கு செத்து ரொம்ப நாளாச்சு. இவருக்கும்தான்.”

நூபியா மூக்கிலிருந்து துணியை எடுத்தாள். நாத்தனாரையும் அன்செல்மோவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அவரு தெனம் உன்னக் கேட்டாரே” என்றாள்.

பிறகு பெர்னார்தா பாதி குடித்து வைத்திருந்த காப்பியை எடுத்து முற்றத்து மண்ணில் கொட்டிவிட்டு, கோப்பையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.