ஒரு சென்டிபாய்ஸ்

சகாயராஜ் இறந்துவிட்டார் என்று அவர் மனைவி ரோஸ்லின் அக்கா போன் செய்தபோது, பொம்மசந்திரா போகும் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். "முடிஞ்சிருச்சு பத்மா. தூக்கத்துலயே ஹார்ட் நின்னுருச்சு" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. குற்றம் செய்தவளுக்கு வரும் பயம்தான் வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பெயின்ட் கம்பெனி லேபில் பத்தொன்பது வருஷம் சகாயராஜ் மேஜையும் என் மேஜையும் பக்கம் பக்கமாக இருந்தன. பெயின்ட் எவ்வளவு கெட்டி என்று பார்ப்பது எங்கள் வேலை. அடியில் ஓட்டை உள்ள கப்பில் ஊற்றி, ஒழுகி முடிய எத்தனை விநாடி என்று எண்ணுவோம். சில வாடிக்கையாளர்கள் கெட்டியைச் சென்டிபாய்ஸ் என்ற அலகில் கேட்பார்கள். அதற்கு ஒரு மிஷின் உண்டு. எதில் அளந்தாலும் பக்கத்தில் டெம்பரேச்சர் எழுதாமல் அவர் கையெழுத்துப் போட மாட்டார். ஒருமுறை லாரி கேட்டில் நிற்க, சரக்கு ஆறும்வரை மேனேஜரையே காக்க வைத்தார். "சூட்டுல எல்லாம் தண்ணியாத்தான் சார் ஓடும். ஆறட்டும்." திட்டு எனக்கும் சேர்த்து விழுந்தது. ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து சரியாக விழுங்க முடியாமல் போயிற்று. தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும், எதையும் மாவு கலந்து தேன் பதத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். "எந்தத் தேன்? எத்தன டிகிரில?" என்று சகாயராஜ் குழறினார். நான் சிரித்துவிட்டேன். பிறகு லேபில் இருப்பது போன்ற புது ஓட்டைக் கப் ஒன்றை லிங்கராஜபுரத்தில் அவர் வீட்டுக்கு எடுத்துப் போய், காபிக்கும் கஞ்சிக்கும் விநாடி குறித்துக் கொடுத்தேன். இருமல் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு விரலைக் காட்டினார். "ஒரு... சென்டிபாய்ஸ்."

"என்ன கேக்குறாரு, பத்மா?" என்றார் அக்கா.

பச்சைத் தண்ணீரின் கெட்டி ஒரு சென்டிபாய்ஸ். அந்த வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒண்ணுமில்லக்கா. பழைய வேலை ஞாபகம்" என்றேன். சகாயராஜ் என்னையே பார்த்தார். பிறகு விரலை மடக்கிக்கொண்டார்.

அவரை அறிந்த நீங்களெல்லாம் அவருடைய கறாரைப் பற்றிப் பேசுவீர்கள். நானும் பேசுவேன். ஆனால் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பார்வைதான். கொடுக்காதது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். புரியாததுபோல் நடித்தது சரியில்லை.

ரோஸ்லின் அக்கா, அவர் கேட்டது ஒரு வாய் தண்ணீர்.