சுவரில் தொங்கிய பதினெட்டு வருஷம்

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மகள் தன் அம்மாவின் ரெஸ்யூமை அடித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று வயதில் வேலைக்கு விண்ணப்பிக்கும் அம்மாவுக்கோ உட்காரவே முடியவில்லை. பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பார்மசிஸ்ட் லைசென்ஸை மேலேயே போடணும்மா. யார் கொடுத்தது, பதிவு நம்பர், எதுவரைக்கும் செல்லும். சொல்லு."

கல்யாணத் தேதியில்கூடத் தடுமாறுகிறவள், பதிவு நம்பரை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். தவறாமல் புதுப்பித்தும் வந்திருக்கிறாள். அதுவரை சரி. அனுபவம் என்ற இடத்தில்தான் மாட்டிக்கொண்டது.

"ஆஸ்பத்திரியில மூணு வருஷம், சித்தப்பா கடையில பதினெட்டு. மொத்தம் இருபத்தொண்ணுன்னு போடவா? சித்தப்பா லெட்டர் கொடுத்துடுவாரு."

"நாளைக்குப் போய் வாங்கிட்டு வர்றேன்" என்று அம்மா இழுத்தாள். அந்த மூன்று வருஷம் நிஜம். நினைத்தால் இன்றைக்கும் அவள் முகம் மலர்ந்துவிடும். தட்டில் மாத்திரைகளை ஐந்தைந்தாக ஒதுக்கும் சத்தம் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பொட்டலத்தின் மேல் காலைக்குச் சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் வரைந்து கொடுப்பாள். ஒரு டாக்டருக்கு அவர் கிறுக்கியதையே வாசித்துக் காட்டியவள்.

மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். அதே சமயம் கொழுந்தன் மருந்துக்கடை திறந்தான். பார்மசி படித்தவர் ஒருவரின் சான்றிதழ் சுவரில் தொங்காமல் கடை நடத்த முடியாது. "பேருக்குத்தான் அண்ணி" என்று வாங்கிப்போய்ப் போட்டோவோடு மாட்டினான். அன்றிலிருந்து காகிதத்தில் அவள் தினமும் கடையில் நின்றாள். ஆள் என்னவோ மூன்று தெரு தள்ளி, அடுப்படியில் நின்றாள்.

மறுநாள் லெட்டர் வாங்கக் கடைக்குப் போனாள். கொழுந்தன் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சீல் எடுக்க உள்ளே போனான். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் சீட்டோடு வந்தார். சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அட, அது நீங்கதானே! படிச்சவங்க இருக்கிற கடைன்னு நம்பித்தாம்மா இத்தனை வருஷமா இங்க வாங்குறேன். இந்த ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா?"

முதல் மருந்து அவளுக்கு அத்துப்படி. இரண்டாவதின் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அவமானத்தில் காது சுட்டது.

"எனக்குத் தெரியலய்யா. டாக்டரைக் கேட்காம சாப்பிடாதீங்க."

சீலோடு வந்த கொழுந்தனிடம், "லெட்டர் வேணாம் தம்பி. அந்தச் சான்றிதழை இறக்குங்க" என்றாள்.

"என்ன அண்ணி விளையாடுறீங்களா? அதை இறக்கினா கடையைச் சாத்தணும்!"

"சாத்துங்க. படிச்ச ஆள் ஒருத்தரைக் கொண்டுவந்து நிறுத்திட்டுத் திறங்க."

அவன் முகம் கடுகடுவென்று ஆனது. அவளே ஸ்டூலில் ஏறிக் கழற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். இருபத்திரண்டு வயது முகம் கண்ணாடிக்குள் சிரித்துக்கொண்டே கூட வந்தது.

"மூணுன்னு போடு" என்றாள் மகளிடம்.

"மீதி பதினெட்டு?"

"வீட்டுல இருந்தேன்னு போடு."

"அப்படிப் போட்டா யாரும்மா கூப்பிடுவா?"

"கூப்பிட்டா என்னைக் கூப்பிடட்டும். சுவத்துல தொங்கினவளைக் கூப்பிட வேணாம்."

மகள் உம்மென்று அடித்து முடித்து, அனுப்பினாள். அம்மா அவள் தோளைத் தட்டி, "கொஞ்சம் எழுந்திரு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அந்த இரண்டாவது மருந்தின் பெயரை அடிக்க ஆரம்பித்தாள்.