தலைகீழ் அறை

எங்கள் அண்ணி பத்திரிகைகளுக்கு அட்டைப்படம் எடுப்பவர். மனிதர்களை உள்ளது உள்ளபடி எடுத்தால் அவருக்குத் தூக்கம் வராது. வங்கி மேலாளரைக் கோட்டோடு குளியல் தொட்டியில் உட்கார வைப்பார். பல் டாக்டரின் தலைக்கு மேல் மேகம் தொங்கும். கம்ப்யூட்டரில் ஒட்டு வேலை கிடையாது. மேகத்துக்குப் பஞ்சு வேண்டும், அதைத் தொங்கவிட நான் வேண்டும். நான் தச்சன். கொழுந்தன் வேறு, மாட்டேன் என்று சொல்ல வாய் வராது.

ஒரு முறை வந்தவர் சினிமாவுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவர். எத்தனையோ கதாநாயகிகள் அவர் குரலில்தான் அழுதார்கள். சின்ன வயதில் தீப்பட்டு ஒரு கன்னம் சுருங்கியிருந்ததால், அவர் படமே எங்கும் வந்ததில்லை.

"முதுகுப் பக்கமா எடுத்துக்கோம்மா, முகம் வேணாம்" என்று வந்ததுமே சொல்லிவிட்டார்.

பத்திரிகை ஆசிரியரோ போனில், முகம் இல்லாவிட்டால் அட்டை இல்லை என்று ஒற்றைக்காலில் நின்றார். "அவங்க சொல்லாம எடுக்க மாட்டேன்" என்று அண்ணி போனை வைத்துவிட்டார்.

அந்தப் படத்துக்காக நான் கட்டியிருந்த அறை தலைகீழ். மேசை நாற்காலி எல்லாம் மேலே தொங்கின. தரையிலிருந்து மின்விசிறி முளைத்து நின்றது. அண்ணி ஒரே ஒரு பெரிய விளக்கைப் பக்கவாட்டில் ஒரு முழம் நகர்த்தினார். அவ்வளவுதான், என் பிளைவுட் பலகைகள் பழைய கறுப்பு வெள்ளைப் படத்து மாளிகையாகிவிட்டன. நான் அடித்த ஆணிகளையே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

குரல்காரம்மா சால்வையால் கன்னத்தை மூடி, முதுகைக் காட்டி நின்றார். கேமராவில் கண் வைத்த அண்ணி நிமிர்ந்தார்.

"தம்பி, அந்தக் கடிகாரம்!"

அறையே தலைகீழாக இருக்க, சுவர்க் கடிகாரத்தை மட்டும் கைப்பழக்கத்தில் நேராக மாட்டியிருந்தேன். அதுவும் ரசமட்டம் வைத்துப் பார்த்து.

"ஏன் அண்ணி, நேராத்தானே இருக்கு?" என்றேன் வீம்பாக.

குரல்காரம்மா திரும்பினார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் சால்வை நழுவி, முழு முகமும் விளக்கில் வந்து நின்றது. சுருங்கிய கன்னமும் சேர்ந்து சிரித்தது. அப்படியொரு அழகை நான் பார்த்ததே இல்லை. எடுங்க அண்ணி, எடுங்க என்று மனசு அடித்துக்கொண்டது. அண்ணியோ கேமராவை விட்டு விலகிக் கையைக் கட்டிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் குரல்காரம்மா அதைக் கவனித்தார்.

"ஏம்மா எடுக்கலை?"

"நீங்க சொல்லலையே."

அவர் சால்வையை மடித்து என் கையில் கொடுத்தார்.

"இப்பச் சொல்றேன். எடும்மா."

நான் கடிகாரத்தைத் திருப்ப ஓடினேன். "அது இருக்கட்டும் தம்பி" என்றார் அண்ணி.

இதழ் வந்த அன்று மூவரும் கடைக்குப் போனோம். அங்கே வாங்க வந்த ஒருவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருங்க இது?" என்று கடைக்காரரிடம் கேட்டார்.

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். பின்னாலிருந்து, ஊரே அறிந்த அந்தக் குரல் பதில் சொன்னது.

"நான்தான்."