கதவுக்காரரின் இடது செருப்பு

இடது செருப்பைக் கழற்றிக் கற்சரிவின் மேல் வைக்கிறார். இரண்டடி பின்னால் போய்ப் பார்க்கிறார். மனசு ஒப்பவில்லை. திரும்பி வந்து கால் கட்டைவிரலால் ஒரு விரற்கடை மேலே தள்ளுகிறார். பிறகு ஒற்றைச் செருப்போடு கதவருகே போய் நின்றுகொள்கிறார். இன்னும் நாற்பது நிமிடத்தில் கடல் ஏறி வந்து அந்த ரப்பர் செருப்பின் முனையை நனைக்கும். அதற்கு மேல் ஏறாமல் திரும்பிவிடும். ஈரச் செருப்பை உதறிப் போட்டுக்கொண்டு, "சொன்னா சொன்னதுதான்" என்பார். கடலைச் சொல்கிறாரா, தன்னைச் சொல்லிக்கொள்கிறாரா என்று யாரும் கேட்டதில்லை.

படகுகளைப் பழுதுபார்க்கும் தொட்டிக்கு இருபத்தாறு வருடமாக அவர்தான் கதவுக்காரர். தொட்டி என்றால் கரையைக் குடைந்து கட்டிய கல் பள்ளம். கடல் பக்கம் இரட்டைக் கதவு, கதவுக்கு அடியில் இடுப்புயரத்துக்குக் கல் வாசற்படி. தண்ணீர் ஏறியிருக்கும்போது படகு அந்த வாசற்படிக்கு மேலே மிதந்து உள்ளே வரும். தண்ணீர் இறங்கும்போது மடை வழியாகத் தொட்டியை வடித்துவிட்டு அடைத்தால், தச்சர்கள் கால் நனையாமல் படகின் அடிப்பலகையில் வேலை பார்க்கலாம். வேலை முடிந்து படகு வெளியே போக, மறுபடி அதே அளவு தண்ணீர் வேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் அது வரும். "உள்ள வர்றது பெருசில்ல, வெளிய போகணும்ல" என்பது அவர் எல்லாப் படகுக்காரர்களிடமும் சொல்லும் வாசகம். வாசற்படிக்கும் படகின் அடிக்கும் நடுவே ஒரு முழம் தண்ணீர் மிச்சமில்லை என்றால், யார் காலில் விழுந்தாலும் கதவைத் திறக்கமாட்டார்.

அவர் மனைவி பேருந்து நடத்துநர். ஆறு பத்து வண்டி என்றால் ஆறு பத்துக்கு விசில் ஊதுகிறவர். கணவர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்துக்கு வேலைக்குப் போவது கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் குறை.

"என்னங்க, உங்க கடலுக்கு ஒரு நேரங்காலம் கெடையாதா?"

"ஏன் இல்ல? தினமும் அம்பது நிமிஷம் லேட்டா வரும். அதுல ஒரு நாளும் தவறாது. பூமி ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள நிலா கொஞ்சம் முன்னால நடந்து போயிடுது. அதைப் பிடிக்க பூமி இன்னும் அம்பது நிமிஷம் சுத்தணும்."

"நான் அம்பது நிமிஷம் லேட்டா எடுத்தா டிப்போல மாலை போட்டு வரவேற்பாங்க."

சூரியன் அவ்வளவு பெரிது, பிறகு ஏன் நிலாவுக்கு இத்தனை மரியாதை என்று அந்த அம்மாள் ஒருமுறை கேட்டார். "சூரியன் பெரிய ஆளுதான். ஆனா தூரத்துச் சொந்தம். நிலா பக்கத்து வீடு. யாரு இழுப்பு ஜாஸ்தியா இருக்கும்?" என்றார் இவர். பக்கத்து வீட்டோடு முப்பது வருடம் குப்பை கொட்டிய அம்மாளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இப்படிப்பட்ட மனிதர்தான் போன மார்ச் மாதம் சறுக்கினார்.

மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் பூமியின் நடுக்கோட்டுக்கு நேரே நிற்கும். அப்போது நிலாவும் அதே வரிசையில் வந்து, போதாக்குறைக்குப் பூமிக்குக் கிட்டத்திலும் வந்துவிட்டால், இரண்டும் சேர்ந்து இழுக்கிற இழுப்பில் வருடத்திலேயே பெரிய தண்ணீர் வரும். அப்படியொரு நாளில் நண்டுக்காரி வந்து நின்றாள். சொந்தப் படகில் நண்டு பிடிக்கும் பெண். அடிப்பலகை விண்டு, ஒரு கையால் தண்ணீரை இறைத்துக்கொண்டே மறு கையால் சுக்கானைப் பிடித்து வந்திருந்தாள். "அண்ணே, இன்னிக்கு ராத்திரி தாங்காது" என்றாள். கதவுக்காரர் தண்ணீரைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். சரிவெல்லாம் முட்ட முட்டத் தண்ணீர். கதவைத் திறந்தார். படகின் அடி வாசற்படியைத் தாண்டியபோது நடுவே இருந்தது மூன்று விரல் தண்ணீர். உள்ளே வந்ததைப் பார்த்தாரே தவிர, வெளியே போவதை நினைக்கவில்லை.

இருபது நாளில் பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, வேலை முடிந்தது. ஏப்ரல் மாதத்துப் பெரிய தண்ணீர் வந்தது. அரைச்சாண் குறைந்தது.

"பெயின்ட் இன்னும் காயலம்மா" என்றார் அவளிடம். வாழ்க்கையில் அவர் சொன்ன பொய்களில் அதுதான் மிகவும் மட்டமானது. அடுத்த பதினைந்து நாளும் அதையே சொன்னார். பௌர்ணமியும் கைவிட்டது. அன்று சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பெயின்ட் எப்பவோ காஞ்சிடுச்சும்மா. தண்ணி பத்தல. அன்னிக்கு நான் உள்ள விட்டிருக்கக் கூடாது. தப்பு என்னோடது."

"எத்தனை நாளாகும்?"

"செப்டம்பர் ஆகிடும்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. ஐஸ் ஆலையில் மீன் கழுவும் வேலைக்குப் போனாள். ஆனால் ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தவறாமல் வந்து தொட்டியின் மதில்மேல் உட்கார்ந்து, தண்ணீர் ஏறுவதையும் நின்றுபோவதையும் பார்த்துவிட்டுப் போவாள். அவர் சும்மா இருக்கவில்லை. எஞ்சினைக் கழற்றி இறக்கிப் பார்த்தார். இருபுறமும் காலிப் பீப்பாய் கட்டிப் பார்த்தார். படகு அரைச்சாணுக்கு அந்தப் பக்கமே நின்றது. நிலா வளர்வதை வீட்டு ஜன்னலில் அவர் பார்த்த பார்வையைக் கண்டு, "அதுக்கு வாயிருந்தா அழுதுரும்" என்றார் மனைவி. அவர் சிரிக்கவில்லை. மனைவியும் அதற்குப் பிறகு அந்தக் கேலியை எடுக்கவில்லை.

செப்டம்பர் இருபத்துநான்கு. காலை பதினொன்றரைக்குத் தண்ணீர் உச்சம். கணக்குப்படி படகின் அடிக்கும் வாசற்படிக்கும் நடுவே இரண்டு விரல் மிஞ்சும். கரையிலிருந்து காற்று அடித்தால் அந்த இரண்டு விரலும் போய்விடும். இதை விட்டால் அடுத்த மாதம் ஓர் அரைகுறை வாய்ப்பு. அதுவும் போனால் அடுத்த மார்ச்தான். மனைவி அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, விசிலடிக்க ஒன்றுமில்லாமல் ஓரமாக நின்றார். கதவுக்காரர் பத்தரைக்கு இடது செருப்பைக் கழற்றினார். இத்தனை வருடத்தில் வைக்காத உயரத்தில், சரிவின் தலைமாட்டில் வைத்தார். இந்த முறை கால்விரலால் தள்ளிச் சரிசெய்யவில்லை.

நண்டுக்காரி படகில் ஏறிச் சுக்கானைப் பிடித்துக்கொண்டாள். பதினொன்று அடித்தது. காற்று அசையாமல் இருந்தது. பிறகு மெல்லக் கடலிலிருந்து கரைக்கு வீசத் தொடங்கியது. அவர் அளவுக்கம்பத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பதினொன்றே காலுக்குப் படகு லேசாக ஆடியது. கதவு இரண்டும் திறந்தன. தச்சர்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க, படகின் மூக்கு வாசற்படியைத் தாண்டியது. பிறகு வயிறு. வழியில் ஓரிடத்தில் கறுக்கென்று ஒரு சத்தம். கதவுக்காரருக்கு உயிர் போய் வந்தது. கயிறுதான் கம்பத்தில் உரசியிருந்தது. படகு தாண்டிவிட்டது.

வெளியே, திறந்த தண்ணீரில், எஞ்சின் இரண்டு முறை இருமிப் பிடித்துக்கொண்டது. நண்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவரோடு பேசினாள்.

"அண்ணே! செருப்பு போகுது பாருங்க!"

சரிவில் செருப்பைக் காணவில்லை. கடல் கணக்கைத் தாண்டி ஏறியிருந்தது. இடது செருப்பு, படகு கிளப்பிய அலையில் ஏறி இறங்கி, கதவைக் கடந்து படகின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. "ஐயோ, எட்டிப் பிடிங்க" என்றார் மனைவி.

கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்த கதவுக்காரர் குனிந்து, வலது செருப்பையும் கழற்றி, மெதுவாகத் தண்ணீரில் விட்டார்.