எல்லாம் முழுகியாச்சு

சாயக்கொட்டிலிலை வேலை செய்யிறவள் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் சனம் முதலிலை பார்க்கிறது அவளின்ரை நீல நகத்தைத்தான். நாள் முழுக்க நிண்டு கால் வீங்கின சகோதரிமாரே, மிச்சம் உங்களுக்கே தெரியும்.

இரண்டு தரம்

எங்கடை நெசவாலையிலை நூலுக்குச் சாயம் போடுறது நாங்கள் நாலு பொம்பிளையள். கோஸ்டிக் சோடா கொதிக்கிற ஆவி தொண்டையைப் பிடிக்கும். நனைஞ்ச நூற்கழியைத் தொட்டியிலையிருந்து தூக்கினால் இடுப்பு நாரி முறியும். எங்களிலை ஒருத்தியான புத்தூர்ப் பரமேசுக்கு இரண்டு தரம் வயித்திலை தங்கி, இரண்டு தரமும் அழிஞ்சு போச்சு. மாமிக்காரி கிரகம் சரியில்லை எண்டா. எனக்கெண்டால் அந்தத் தொட்டியிலைதான் சந்தேகம்.

பிள்ளைத்தாச்சி எண்டு தெரிஞ்சால் முதலாளி வீட்டை அனுப்பிப்போடுவார், திரும்ப எடுக்கமாட்டார். பரமேசின்ரை மனிசனுக்கோ நிரந்தர வேலையில்லை. அதாலை அவள் வாய் திறக்காமல் தூக்கினவள். மூண்டாந்தரம் தங்கினதும் என்ரை காதுக்குள்ளை சொன்னாள்: “அக்கா, எனக்கு வேலையும் வேணும், பிள்ளையும் வேணும்.”

மனேச்சரின்ரை கேள்வி

அண்டைக்கே அவளைத் தொட்டியடியிலையிருந்து விலத்தி, யன்னலடியிலை ஒரு வாங்கைப் போட்டு, காய்ஞ்ச நூல் சுத்த இருத்தினம். அவளின்ரை பாரத்தை நாங்கள் மூண்டு பேரும் தூக்கினம். ஆரோ முதலாளியின்ரை காதிலை போட்டிட்டினம்.

விசாரிக்க வந்தவர் மனேச்சர், கலியாணம் முடிக்காத பெடியன். பிள்ளைத்தாச்சி எண்டு சொல்ல வெக்கப்பட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “இஞ்சை ஆரும் முழுகாமல் இருக்கினமோ?” எண்டார். எங்களிலை மூத்த செல்லம்மாக்கா தொட்டிக்குள்ளை எட்டிப் பார்த்துப்போட்டு ஆறுதலாய்ச் சொன்னா: “இல்லை ஐயா, கழி எல்லாம் முழுகியாச்சு.”

வாங்கு

ஏழாம் மாசம் வயித்தை மறைக்க ஏலாமல் போச்சு. மனேச்சர் திரும்ப வந்தார். அவளை அனுப்பினால் நாங்களும் கழி தூக்கமாட்டம் எண்டு முகத்துக்கு நேரை சொன்னன். சாயம் இல்லாட்டில் தறி ஓடாது, அது அவருக்கும் தெரியும். பாவம், முதலாளியோடை கதைச்சு வாங்கை அந்த இடத்திலையே இருக்க விட்டார். அதுக்குப் பிறகு வயித்துப்பிள்ளைக்காரி ஆரெண்டாலும் அவளுக்கு அந்த வாங்குதான். இப்ப நினைச்சாலும் எனக்குப் பெருமையாய்க் கிடக்கு.

பரமேசுக்குப் பொம்பிளைப்பிள்ளை பிறந்தது, நல்ல கொழுகொழு எண்டு. பிள்ளை பெத்த துடக்குக் கழிஞ்சு ஆலை வாசலுக்குக் கொண்டு வந்தாள். செல்லம்மாக்கா நீலக் கையாலை ஏந்தினா. மனேச்சர் குனிஞ்சு பார்த்துப்போட்டு அவவைக் கேட்டார்: “இதைத்தானோ அண்டைக்கு முழுகியாச்செண்டு சொன்னனீங்கள்?”

எங்கடை கொட்டிலிலையிருந்து வெளியிலை போனதிலை இண்டுவரைக்கும் சாயம் போகாமல் இருக்கிறது அந்தப் பெட்டை ஒருத்திதான்.