ஒரே பஸ் ஊர்

எங்கள் வீட்டில் பெண் கொடுப்பதற்கு ஜாதகம் பார்ப்பார்கள், குலம் பார்ப்பார்கள், மாப்பிள்ளை குடிப்பாரா என்று பக்கத்துத் தெருவில் விசாரிப்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: ஆந்திராவில் இருக்கும் எங்கள் நகரியிலிருந்து அந்த ஊருக்கு ஒரே பஸ்ஸில் போக முடியுமா? நடுவில் இறங்கி மாற வேண்டும் என்றால், மாப்பிள்ளை கலெக்டராகவே இருந்தாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தரகர்களும் விவரமானவர்கள். பையனின் படிப்பைச் சொல்வதற்கு முன்பே பஸ் வசதியைச் சொல்லிவிடுவார்கள்.

இந்தச் சட்டத்தைக் காத்து வந்தவர் எங்கள் நைனா. அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். விசைத்தறி வைத்திருப்பவர். கேட்டால் நியாயமான காரணம்தான் சொல்வார்.

"கைப்புள்ளய இடுப்புல வெச்சிக்கினு, பையத் தூக்கிக்கினு, கண்ட பஸ்டாண்டுல நின்னுக்கினு இருப்பாளா? நல்லது கெட்டதுன்னா நாங்களும் ஓடிப் போய்ப் பாக்க வேணாமா?"

அக்காவை இப்படித்தான் புத்தூரில் கொடுத்தார்கள். நகரியில் பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, காற்று வாங்க ஆரம்பிக்கும்போதே புத்தூர் வந்துவிடும். கல்யாணத்தன்று வந்தவர்களிடமெல்லாம் நைனா, "பொண்ணு எங்க போயிட்டா? ஒரே பஸ்ஸுதானே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்காவும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான் திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன்; எடுத்துக்கொண்ட தலைப்பும் ஊர்களுக்கு நடுவே ஓடும் பஸ்களைப் பற்றியதாகவே அமைந்தது. ஒவ்வொரு ஊரும் ஒரு புள்ளி. இரண்டு ஊருக்கு நடுவில் பஸ் ஓடினால் ஒரு கோடு. பஸ் அதிகமானால் கோடு தடிக்கும். விஷயம் அவ்வளவுதான். இதை இழுத்து இழுத்து அத்தியாயங்களாக்கினால் டாக்டர் பட்டம் தருவார்கள். என் படத்தில் திருப்பதி எல்லாக் கோடுகளையும் வாங்கிக்கொண்டு கொழுத்துக் கிடந்தது. சித்தூர் அடுத்த இடத்தில் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. குப்பம் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. என் வழிகாட்டி படத்தைப் பார்த்துவிட்டு, "இங்கொஞ்சம் ரங்குலு வேயம்மா" என்றார். இன்னும் கொஞ்சம் வண்ணம் பூச வேண்டுமாம். மெல்லிய கோடுகளை எல்லாம் எடுத்துவிட்டால் படம் பளிச்சென்று இருக்கும் என்றும் சொன்னார். எடுத்துவிட்டேன். பளிச்சென்றுதான் இருந்தது.

அதே துறையில் ஆராய்ச்சி செய்த ஒருவரைத்தான் நான் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தேன். அவருக்குக் குப்பம். சாதி ஒத்துப்போனது, ஜாதகம் ஒத்துப்போனது, தமிழும் ஒத்துப்போனது. பஸ்தான் ஒத்துவரவில்லை. நகரியிலிருந்து குப்பத்துக்கு எங்கள் வீட்டார் அறிந்த வரையில் நேர் பஸ் கிடையாது. சித்தூரில் இறங்கி மாற வேண்டும்.

நான் சும்மா விடவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் நைனா முன்னால் விரித்து வைத்தேன். சித்தூரிலிருந்து குப்பத்துக்கு எத்தனை பஸ், மாறும்போது எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எல்லாவற்றையும் வண்ணத்தில் காட்டினேன். ஜில்லாவைப் பிரித்தபோது புத்தூர் திருப்பதி ஜில்லாவுக்குப் போய்விட்டது, குப்பம்தான் நம்மோடு சித்தூர் ஜில்லாவிலேயே இருக்கிறது, கணக்குப்படி அக்காதான் வெளியூர் என்றும் வாதாடினேன்.

நைனா பொறுமையாகப் பார்த்தார்.

"படம் ஜோராகீது. இந்தக் கோட்டு மேல குந்திக்கினா குப்பத்துல எறக்கி வுட்டுருமா?"

"சித்தூர்ல மாறணும், நைனா."

"அதத்தான் நானும் சொல்றேன். நீ அங்க போய்ட்டா நாங்க யாரும் வந்து பாக்க முடியாது. அப்பால நைனா வரல, நைனா வரலன்னு அழக் கூடாது."

அந்தப் பேச்சு என்னைத் தைத்தது. கோபப்படுவதுபோல் கத்தினேன். உண்மையில் எனக்குப் பயம். அவர் சொல்வது நடந்துவிட்டால்? பிடித்தவரோடு வாழப் போய்ப் பிறந்த வீட்டை மொத்தமாகத் தொலைத்துவிட்டால்? அந்தக் கேள்விக்கு என் படத்தில் பதில் இல்லை.

அம்மாதான் வழி பண்ணினாள். "ஒரு தபா போய்ப் பாத்துட்டு வந்து வேணாம்னு சொல்லு" என்று நைனாவைக் கிளப்பிவிட்டாள். குறை கண்டுபிடிக்கக் கிளம்பிப் போன மனிதர் திரும்பி வந்து மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஒரு வார்த்தைதான் சொன்னார்: "பரவால்ல." மற்ற நேரமெல்லாம் சித்தூர் பஸ்டாண்டைப் பற்றியே பேசினார். அங்கே தின்ற பூரி, குடித்த டீ, பலமநேர் தாண்டினதும் அடித்த குளிர் காற்று. தறிச் சத்தத்தை விட்டு அவ்வளவு தூரம் அவர் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கல்யாணம் நடந்தது.

அதற்குப் பிறகு மாதம் தவறாமல் நைனா குப்பம் வருகிறார். இரண்டு பஸ் என்பதால் அது பயணமாகிவிட்டது. முதல் நாளே பை கட்டுவார், தறிக்கு ஆள் ஏற்பாடு செய்வார், வந்தால் இரண்டு நாள் தங்குவார். சித்தூர் பூரியைப் பற்றிய புதுச் செய்தியும் கூடவே வரும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இங்கே ஒரு கல்லூரியில் இப்போது பாடம் நடத்துகிறேன். கோடு எப்படித் தடிக்கிறது என்று மாணவர்களுக்குப் புரியவைக்க எங்கள் குடும்பத்தையே படமாகப் போட்டேன். நகரி வீட்டிலிருந்து யார் யாரைப் பார்க்க எத்தனை முறை போகிறார்கள் என்பதுதான் கணக்கு. நகரிக்கும் குப்பத்துக்கும் நடுவே கோடு வடக்கயிறு போல் வந்தது. நைனாவிடம் காட்டிக் குத்திக்காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன்.

நாங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது நைனாவோடு அக்காவும் வந்தாள். நைனா உட்கார்ந்து வந்த பஸ்ஸிலேயே புத்தூரில் ஏறிக்கொண்டாளாம். சாப்பாடு முடிந்ததும் நான் படத்தைத் திறந்தேன். நைனா பார்த்துவிட்டு, "நாந்தானா அது!" என்று பூரித்துப்போனார்.

அக்கா குனிந்து பார்த்தாள். "இதுல புத்தூரு எங்கடீ?"

புள்ளியைக் காட்டினேன்.

"கோடே காணோமே?"

பளிச்சென்று இருக்கட்டும் என்று மெல்லிய கோடுகளை வழக்கம்போல் எடுத்திருந்தேன். அவசரமாக எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தேன். புத்தூருக்கு நூல் மாதிரி ஒன்று வந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"பக்கத்துலதானேம்மா கீற" என்றார் நைனா. "எப்ப வேணா வரலாம்னுதான்."

"மாசா மாசம் புத்தூரு மேலதான் போறே, நைனா. பஸ்ஸு பஸ்டாண்டுக்குள்ளாற வந்துட்டுத்தான் போவுது. ஒரு தபா எறங்கி வூட்டுக்கு வரக்கூடாதா?"

நைனா நிஜமாகவே யோசித்துவிட்டுச் சொன்னார்: "எறங்குனா மூணு பஸ்ஸாயிடும்லம்மா."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா திரையில் அந்த நூலின் மேல் விரலை வைத்தாள்.

"சரி, எறங்க வேணாம். கெளம்பறப்போ ஒரு போன் பண்ணு. எந்தப் பக்கம் குந்திக்கினு வரேன்னு மட்டும் சொல்லு."

இப்போதெல்லாம் நைனா குப்பம் வரும்போது பையில் அக்கா சுட்ட முறுக்கும் வருகிறது. புத்தூர் பஸ்டாண்டில் சூடு ஆறாத பொட்டலமாக ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்கிறாராம். இன்னும் இறங்குவதில்லை.