உப்புத் தண்ணீரில் எரிந்த பல்பு

கண்ணுக்குத் தெரியாத அணுவைப் பற்றி, கண்ணெதிரே கொட்டாவி விடும் பிள்ளைகளிடம் பேசிப் பிழைப்பதுதான் அறிவியல் டீச்சர் உத்தியோகம். தனியார் பள்ளியில் மாரடித்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் காலாண்டுப் பரீட்சை முடிந்ததுமே பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள். பொதுத்தேர்வு பத்தில்தானே? அணு அமைப்பு, அயனிப் பிணைப்பு எல்லாம் ஒன்பதாவது புத்தகத்தோடு மூட்டை கட்டப்படும். சங்கரன்கோவிலில் நான் வேலை பார்த்த பள்ளியிலும் அதே வழக்கம்தான். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

கொடுத்தவனுக்கு ஏன் பிளஸ்?

சோடியம் ஓர் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிட்டு அயனியாகிறது, இப்போது அதற்கு என்ன மின்சுமை என்று கேட்டேன். வகுப்பு மொத்தமும் மைனஸ் என்றது. ஒன்று குறைந்துவிட்டதாம், அதனால் மைனஸாம். வருஷா வருஷம் எல்லாப் பிள்ளைகளும் விழுகிற குழி இது.

போர்டில் பதினோரு புரோட்டான், பதினோரு எலக்ட்ரான் போட்டு, ஓர் எலக்ட்ரானை மட்டும் அழித்தேன். போனதே ஒரு மைனஸ், மிச்சம் எந்தப் பக்கம் சாயும் என்றேன். பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வரும் மாரிச்செல்வி எழுந்தாள்.

"எங்க அண்ணன் திருப்பூருக்குப் போன பெறவுதான் டீச்சர் வீட்டுல சண்டை ஓஞ்சுது. அது மாதிரியா?"

கணக்கு சாரின் கவலை

மற்ற பாடக்காரர்கள் எல்லாரும் பத்தாவது புத்தகத்துக்குத் தாவிவிட்டார்கள். கணக்கு சார் நல்ல மனுஷர், என் வேலை போய்விடுமோ என்று என்னைவிட அவர்தான் பயந்தார். அயனி என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைக்குப் பத்தாவதில் அமிலத்தையும் கரைசலையும் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் உயர்ந்துவிடும், அன்றும் உயர்ந்தது. அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"மனப்பாடம் பண்ண வச்சிருங்க டீச்சர். இருக்கிற வேலையக் கெடுத்துக்காதிய."

தாளாளர் வந்தார்

மறுநாள் ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒயர், குட்டி எல்.இ.டி. பல்பு, கொஞ்சம் சமையல் உப்பு கொண்டுபோனேன். காய்ந்த உப்பில் ஒயரை வைத்தால் பல்பு எரியவில்லை. அயனிகள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நகராமல் கிடக்கின்றன. தண்ணீரில் கரைத்ததும் அவை விலகி நடமாடத் தொடங்கின, பல்பு எரிந்தது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பள்ளித் தாளாளரே வந்துவிட்டார். முதல் பெஞ்சில் இருந்த அவர் மகளும்தான் கத்தினாள்.

என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, திங்கட்கிழமை பத்தாவது புத்தகம், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இந்தப் பாடத்தை முடிக்காமல் அதைத் தொடமாட்டேன் என்றேன். பஸ் ஸ்டாண்டில் மார்க்கோடு தொங்கும் அவருடைய பேனர்களை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, எரிச்சலோடு கேட்டார்.

"உப்புத் தண்ணியில பல்பு எரிஞ்சத வச்சு பேனர் அடிக்க முடியுமா டீச்சர்?"

மாடியில் டியூஷன்

திங்கட்கிழமையும் ஒன்பதாவது புத்தகத்தோடுதான் போனேன். மதியத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். பயம் இருந்தது, வருத்தம் இல்லை. பூக்கடை ஒன்றின் மாடியைப் பிடித்து டியூஷன் ஆரம்பித்தேன். பத்தாவதுக்கு வந்தவர்களிடமும் முதலில் ஒன்பதாவது புத்தகம் கொண்டுவா என்றேன். சில பெற்றோர் திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள். போகட்டும் என்று இருந்தேன்.

அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம் போன் வந்தது. தாளாளர்தான். கரைசல் பாடத்தில் மகள் தத்தளிக்கிறாளாம். குரலில் பழைய முறுக்கு இல்லை.

"பாப்பா உங்ககிட்டதான் படிப்பேன்னு நிக்கா. ஒன்பதாவது புக்க பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டோம். உங்ககிட்ட ஒண்ணு இருக்குமா டீச்சர்?"

எலக்ட்ரானை இழந்த சோடியத்துக்கே பிளஸ் என்றால், வேலையை இழந்த எனக்கு மட்டும் மைனஸா வரும்?